பதினெட்டு நாள் சுழற்சி

ரோசம்மாள் கட்டைப்பையைத் தூக்கி மேஜைமேல் வைத்தபோது, உள்ளே பழைய ரிப்போர்ட்டுகள் இருக்கும் என்றுதான் யோகேஸ்வரி நினைத்தாள். இருந்தவை தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் பால்பாயிண்ட் பேனாவில் ஒரு நேரமும் நாலைந்து சொற்களும். ‘காலை 6.10. அடுப்படியில்.’ ‘மதியம் 2. வலது கை முதலில்.’ ‘நாக்கைக் கடித்துக்கொண்டார்.’

“எல்லாம் ஒரே ஆளோடதாக்கா?”

“ஒரே ஆளுதான். மகாராஜபுரத்துக்காரரு, விஜயபாண்டின்னு. வலிப்பு வந்த அன்னைக்கு அவரு பொஞ்சாதி அன்னன்னைக்குத் தாளைக் கிழிச்சு அதுலயே எழுதி வச்சிருது. ஆறு வருசமா. ‘இதைத் தூரப் போடவும் மனசு வரல, யாருக்குக் காட்டன்னும் தெரியல’ன்னுச்சு. எனக்கு ஒன் ஞாபகம்தான் வந்துச்சு.”

ரோசம்மாள் ராஜபாளையத்தில் ஒரு நரம்பியல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் இருபத்திரண்டு வருடமாக ஈ.ஈ.ஜி. எடுப்பவள். தலையில் பசை தடவி, கம்பிகளை ஒட்டி, மூளையின் மின்னோட்டத்தைக் கோடு கோடாகப் பதிவு செய்வது அவள் வேலை. யோகேஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் உள்ள ஓர் என்ஜினியரிங் காலேஜில் கணக்கு வாத்தியார். நாலு வருடமாகப் பகுதி நேர ஆராய்ச்சியும் செய்கிறாள். மூளைச் செல்கள் ஒன்றோடொன்று எப்படி ஊடாடுகின்றன என்பதைச் சமன்பாடுகளாக எழுதுவது அவள் ஆராய்ச்சி. பேர் மறைத்த ஈ.ஈ.ஜி. பதிவுகளை டாக்டரம்மாவின் அனுமதியோடு வாங்கிப் போக மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு வருவாள்.

அவளுக்கு இருந்த குறை இதுதான். ஈ.ஈ.ஜி. அரை மணி நேரத்தைக் காட்டும். ஒரு மனிதனுக்கு ஆறு வருடம் எப்படிப் போனது என்று காட்டாது. இந்தப் பை காட்டும்போல இருந்தது.

எழுபத்து மூன்று தாள்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தரையில் வருட வாரியாகப் பரப்பினாள். கம்ப்யூட்டரில் தேதிகளை ஏற்றி இடைவெளிகளைப் பார்த்தபோது திரும்பத் திரும்ப ஓர் எண் தலைகாட்டியது. பதினெட்டு. அடுத்தது முப்பத்தாறு. பிறகு ஐம்பத்து நாலு. ஒவ்வொரு பதினெட்டாம் நாளும் வலிப்பு வந்துவிடவில்லை; ஆனால் வந்தால் பெரும்பாலும் அந்தத் தாளத்தில்தான் வந்தது. அடைமழை மாதங்களில் மட்டும் தாள்களே இல்லை. எழுத விட்டுப்போயிருக்கும் என்று அந்த மாதங்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டாள்.

வலிப்பு சிலருக்கு நாள்கணக்கான சுழற்சியில் வருகிறது என்று உலகத்தில் பல இடங்களில் கண்டிருக்கிறார்கள். ஏன் அப்படி என்பதுதான் முழுதாகத் தெரியாது. அதற்குத் தன்னிடம் ஒரு பதில் இருக்கிறது என்று யோகேஸ்வரி நினைத்தாள்.

அவளுடைய கணித மாதிரியில் மூன்று கூட்டம் செல்கள் இருந்தன. ஒரு கூட்டம் அண்டை அயலைத் தூண்டிவிடும். இன்னொரு கூட்டம் அடக்கும். இரண்டும் சமமாக இழுத்துக்கொண்டிருக்கும் வரை பேச்சு, நடை, நினைப்பு எல்லாம் ஒழுங்காக ஓடும். தூண்டுகிற கை ஓங்கிவிட்டால் ஆயிரக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் கூச்சல் போடும். வலிப்பு என்பது அதுதான். மூன்றாவது கூட்டம் கிளியா செல்கள். மற்றவை சிதறவிடும் பொட்டாசியத்தை அள்ளி ஒதுக்குவது இவற்றின் பாடு. இந்த மூன்றாவது கூட்டம் மெல்ல மெல்லக் களைத்துப்போகிறது, ஒரு கட்டத்தில் கைவிடுகிறது, வலிப்பு வருகிறது, பிறகு தேறுகிறது என்று அவள் எழுதியிருந்தாள். களைப்பு எவ்வளவு வேகத்தில் ஏறும் என்பதற்கு ஓர் எண் வேண்டும். அந்த எண்ணை எந்த ஆய்வகமும் அளந்து வைத்திருக்கவில்லை. யோகேஸ்வரி அதைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தாள். ஓர் இடத்தில் வைத்தபோது திரையில் வளைகோடு பதினெட்டு நாளுக்கு ஒருமுறை உச்சிக்கு ஏறி இறங்கியது.

அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டியான செல்வின் சார் அவளைவிட மூன்று வயதே மூத்தவர். எதையும் நின்றபடியே படிப்பார். படத்தைப் பார்த்ததும் உட்கார்ந்தார்.

“இத உடனே எழுதும்மா. மூணு செல் கூட்டம், ஒரு மனுசனோட ஆறு வருசம், ரெண்டும் பொருந்துது. இப்படி ஒண்ணு நம்ம பக்கத்துல யாரு செஞ்சிருக்கா?”

எழுதுவதற்கு அந்த மனிதரின் சம்மதக் கையெழுத்து வேண்டும். ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு பஸ் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் மகாராஜபுரம் போய் இறங்கினாள். மேற்கே மலை நீலமாக நின்றது. விஜயபாண்டிக்கு நாற்பத்திரண்டு வயது, ஒடிசலான ஆள், புருவத்தில் ஒரு பழைய தையல் தழும்பு. அவர் மனைவி முனீஸ்வரிதான் தாள்களை எழுதியவள். பத்தாம் வகுப்பு வரை படித்தவள் என்று கையெழுத்தே சொல்லியது.

யோகேஸ்வரி தயாரித்துக் கொண்டுபோன கேள்விகளைக் கேட்டாள். மாத்திரை விடாமல் சாப்பிடுகிறாரா? ஆமாம். காய்ச்சலோடு வருமா? இல்லை. குடிப்பழக்கம்? கிடையாது. தூக்கம் எப்படி?

“தூக்கத்துக்கு என்ன கொறச்சல் டீச்சர்? படுத்தா அடிச்சுப் போட்டாப்புல தூங்கிருவேன்” என்றார் விஜயபாண்டி. ‘நன்று’ என்று அவள் குறித்துக்கொண்டாள்.

கையெழுத்துப் போட்டு முடித்ததும் அவர் பேனாவைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்திருந்தார்.

“ஒண்ணு கேக்கலாமா? அந்தக் கணக்கு அடுத்து எனக்கு எப்ப வரும்னு சொல்லுமா?”

“அப்படிச் சொல்லிற முடியாதுண்ணே. இது ஆராய்ச்சிக்குத்தான்.”

“சும்மா ஒங்க மனசுல உள்ளதச் சொல்லுங்க. எட்டு வருசமா வண்டியத் தொடல டீச்சர். கிணத்தோரம் ஒத்தையில போகக்கூடாது, மச்சுல ஏறக்கூடாது, வண்டி கூடாது. டாக்டர் சொல்றது சரிதான், நான் இல்லங்கல. ஆனா இன்னைக்கா நாளைக்கான்னு தெரியாம எந்நேரமும் பயந்துக்கிட்டே இருக்கேன் பாருங்க, வலிப்பவிட அதுதான் கொல்லுது.”

யோகேஸ்வரி முனீஸ்வரியைப் பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்திருக்க வேண்டியவள் தான்தான் என்று யோகேஸ்வரிக்குப் பிற்பாடு பலமுறை தோன்றியது. ஆனால் எதிரே ஒருவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, தன் கணக்கின்மேல் புது மோகம் உள்ள எவருக்கும் வாய் சும்மா இராது.

“ஜனவரி இருபத்தொண்ணு, இருபத்திரண்டு, இருபத்திமூணு. இந்த மூணு நாளு கவனமா இருங்க. மத்த நாள்ல வாய்ப்பு குறைவு. வராதுன்னு சொல்லல, குறைவு.”

இருபத்திரண்டாம் தேதி காலை முனீஸ்வரி போன் செய்தாள். வந்துவிட்டது, ஆனால் பாய் விரித்து உட்காரவைத்திருந்ததால் அடிபடவில்லை. அவள் குரலில் பயத்தைவிட வியப்பு அதிகம் இருந்தது. அடுத்து பிப்ரவரி எட்டு முதல் பத்து என்று யோகேஸ்வரி சொன்னாள். ஒன்பதாம் தேதி வந்தது.

செல்வின் சார் காலேஜ் கேண்டீனிலேயே கை கொடுத்தார். “இது வெறும் பொருத்தம் இல்லம்மா, முன்கணிப்பு. கட்டுரையில தனிப் பகுதியாப் போட்ரு.” போட்டார்கள், கட்டுரை ஒரு சஞ்சிகைக்குப் போனது. டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை யோகேஸ்வரிக்குத் தோன்றியது. கட்டுரை வெளிவந்த பிறகு அதையே கையில் கொடுத்துச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டாள்.

பிப்ரவரி கடைசியில் அவள் குறித்த மூன்று நாளிலும் ஒன்றும் வரவில்லை. விஜயபாண்டி போனில் சிரித்தார். “தப்பிச்சுட்டேன் டீச்சர். அடுத்தது எப்ப?”

“மார்ச் பதினாறு, பதினேழு, பதினெட்டு.”

மார்ச் பன்னிரண்டாம் தேதி காலை பத்தரைக்கு அவள் வகுப்பில் இருக்கும்போது ரோசம்மாள் மூன்று முறை கூப்பிட்டிருந்தாள்.

விஜயபாண்டி அன்று தம்பியின் மொபட்டை எடுத்திருக்கிறார். முனீஸ்வரியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வத்திராயிருப்புக்கு உரம் வாங்கப் புறப்பட்டிருக்கிறார். ஊர் எல்லைப் பாலம் தாண்டி நூறடி போவதற்குள் வலது கை முறுக்கியிருக்கிறது. வண்டி ரோட்டை விட்டு வாய்க்காலில் இறங்கிவிட்டது. அவருக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிவு. முனீஸ்வரிக்கு இடது மணிக்கட்டில் முறிவு, தலையில் ஏழு தையல். வாய்க்காலில் தண்ணீர் இல்லாததால் பிழைத்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைக்கு யோகேஸ்வரி போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. ஆண்கள் வார்டில் விஜயபாண்டி மருந்து மயக்கத்தில் கிடந்தார். முனீஸ்வரி தன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தலைக்கட்டில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. வாங்கி வந்த ஆரஞ்சுப் பையை எங்கே வைப்பது என்று யோகேஸ்வரிக்குத் தெரியவில்லை.

“நீங்க சொன்ன தேதிக்கு வரல டீச்சர்” என்றாள் முனீஸ்வரி. சத்தம் போடவில்லை. “நாலு நாள் முந்தியே வந்திருச்சு.”

“நான் குறைவுன்னுதான்...”

“கொறைவுன்னு நீங்க சொன்னீக. இல்லன்னு அவரு காதுல விழுந்துச்சு. எட்டு வருசமா வண்டி ஓட்டாத மனுசனுக்கு வேற எப்படி விழும்?”

யோகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். “தப்புதாங்க. நான் சொல்லியிருக்கவே கூடாது.”

முனீஸ்வரி நல்ல கையால் கணவரின் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள்: “நானும் காலையிலயே சொன்னேன். ரெண்டு ராத்திரி கண்ணு முழிச்சிருக்கீக, இன்னைக்கு வண்டிய எடுக்காதீகன்னு. டீச்சர் பதினாறுன்னுல்ல சொல்லியிருக்காக, நீ ஏறுன்னாரு.”

“ரெண்டு ராத்திரியா? ஏன் முழிச்சாரு?”

“எங்க முறைல்ல.”

“என்ன முறை?”

முனீஸ்வரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். இதுகூடத் தெரியாத ஒருத்தியா தன் புருஷன் தலைக்குள் நடப்பதைக் கணக்குப் போட்டாள் என்கிற பார்வை. யோகேஸ்வரி ராஜபாளையத்துக்காரி. அப்பா நூற்பாலையில் ஃபிட்டர். வயலை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

“கூட்டுக் கிணறு டீச்சர். பங்காளிக ஒம்போது பங்கு. ஆளுக்கு ரெண்டு நாளு தண்ணி. த்ரீபேஸ் கரண்டு எங்க பக்கம் ராத்திரிதான் ஒழுங்கா நிக்குது. நான் போயி மோட்டாரப் போட்டுட்டு வந்திருவேன். விடிய விடிய மடை மாத்துறது இவுகதான். கிணத்துக்குக் கிட்ட விடுறதில்ல, வயக்காட்டுல நிக்கிறதுல என்ன இருக்குன்னு விட்டுருவோம்.”

ஒன்பது பங்கு. ஆளுக்கு இரண்டு நாள். யோகேஸ்வரிக்கு வார்டின் இரைச்சல் எல்லாம் தூரமாகப் போய்விட்டது.

“பதினெட்டு நாளுக்கு ஒருதடவை உங்க முறை வருமா?”

“வரும். மழைக்காலத்துல மோட்டாருக்கு வேலை இல்ல, அப்ப முறையும் கெடையாது. இப்பப் பால்ச்சாமிச் சித்தப்பா நெலத்த வித்துட்டாரு, போன மாசத்துலருந்து எட்டுப் பங்குதான். அதான் முறை சீக்கிரம் சீக்கிரம் வருது.”

எட்டுப் பங்கு, பதினாறு நாள். யோகேஸ்வரி விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கவில்லை. பிப்ரவரி ஒன்பதிலிருந்து இரண்டு பதினாறு தள்ளினால் மார்ச் பதின்மூன்று. இரண்டு பதினெட்டு தள்ளினால் அவள் சொன்ன பதினேழு. நாலு நாள் இடறியது எங்கே என்று கேட்க இனி ஆள் வேண்டாம்.

மூளைச் செல்லுக்குப் பால்ச்சாமி நிலம் விற்றது தெரியாது. கிளியா செல் பதினெட்டிலிருந்து பதினாறுக்குத் தன்னை மாற்றிக்கொள்ளாது. மாறியது கிணறு. ஆறு வருடத் தாள்களில் அவள் கண்டது மூளையின் தாளத்தை அல்ல. ஒன்பது பங்காளிகள் தண்ணீர் பிரித்துக்கொண்ட தாளத்தை.

வெள்ளிக்கிழமை முனீஸ்வரி தன் கொழுந்தனிடம் சொல்லி முறை நோட்டைக் கொடுத்தனுப்பினாள். எந்தத் தேதியில் யார் தண்ணீர் பாய்ச்சினார்கள் என்று பங்காளிகள் வருடக்கணக்கில் எழுதிவைத்த நீளமான நோட்டு அது. யோகேஸ்வரி எழுபத்து மூன்று தாள்களையும் அதனோடு ஒப்பிட்டாள். அறுபத்து நாலு தாள்கள் முறை முடிந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ விழுந்தன. விட்டுப்போனதாக அவள் நீக்கிய மழை மாதங்களில் எதுவும் விட்டுப்போகவில்லை; மனிதர் ராத்திரியெல்லாம் தூங்கியிருக்கிறார், வலிப்பு வரவில்லை, முனீஸ்வரி தாள் கிழிக்கவில்லை. அவ்வளவுதான்.

தூக்கத்தைப் பற்றி அவள் கேட்காமலும் இல்லை. கேட்டாள், அவர் உண்மையைத்தான் சொன்னார். படுத்தால் தூங்குவார். படுக்காத இரவுகளைப் பற்றி அவள் கேட்கவில்லை. தண்ணீர் பாய்ச்சுவது அவருக்கு வேலை. அதைத் தூக்கக் கேடு என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

செல்வின் சார் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“சரி, கிணறு ஒரு தூண்டுதல்னே வச்சுக்குவோம். உள்ளுக்குள்ள பதினெட்டு நாள் சுழற்சி இருக்கு, கிணறும் தற்செயலாப் பதினெட்டு நாள். ரெண்டும் சேர்ந்துக்கிச்சு. அப்படி எழுதலாம்ல?”

“பதினாறுக்கு மாறிருச்சே சார்.”

“ஒரு தடவைதான மாறியிருக்கு. ஒரு புள்ளிய வச்சு மாதிரியத் தூக்கிப் போட முடியுமா?”

“மழை மாசத்துல சுழற்சியே இல்ல சார். செல்லுக்கு மழையா தெரியும்?” அவள் நோட்டில் மழை மாதங்களைத் தொட்டுக் காட்டினாள். “அந்தக் களைப்பு எண்ணை நானேதான திருகி வச்சேன். இருபத்தஞ்சு நாள்னு டேட்டா வந்திருந்தா இருபத்தஞ்சுக்குத் திருகியிருப்பேன். மாதிரி எதையும் கண்டுபிடிக்கல. நான் சொன்னதத் திருப்பிச் சொல்லிச்சு.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் அந்தக் கட்டுரைமேல் ஆசை இருந்தது. பதவி உயர்வுக்கான பட்டியலில் அதைச் சேர்த்தாகிவிட்டது. “ஜூலையில தீசிஸ் குடுக்கணும். இத எடுத்துட்டா ஒனக்கு ஒரு வருசம் போயிரும், தெரியும்ல?”

“தெரியும் சார்.”

“யோசிச்சு நாளைக்குச் சொல்லு.”

மறுநாள் அவள் யோசித்ததைச் சொல்லவில்லை; சஞ்சிகைக்கு எழுதிய கடிதத்தின் நகலைக் காட்டினாள். இன்ன காரணத்தால் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், முன்கணிப்பை நம்பி ஒருவருக்கு விபத்து நேர்ந்தது, அது என் தவறு என்று மூன்று பத்தி. அவர் படித்தார். ‘என் தவறு’ என்பதை அடித்து ‘எங்கள் தவறு’ என்று மாற்றினார். “அனுப்பு” என்றார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவளிடம் தேவைக்கு மேல் பேசவில்லை.

டாக்டரம்மாவிடம் போனது அதைவிடக் கஷ்டம். முன்கணிப்பு சொன்னதை ஒளிக்காமல் சொன்னாள். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

“ஒரு மருந்தை நோயாளிக்குக் கொடுக்கணும்னா எத்தனை பேரு கேள்வி கேட்பாங்க தெரியுமா? நீங்க ஒரு தேதியைக் கொடுத்திருக்கீங்க. அதுவும் மருந்து மாதிரிதான். யாரைக் கேட்டுக் கொடுத்தீங்க?”

யோகேஸ்வரி முறை நோட்டின் நகலை மேஜைமேல் வைத்தாள்.

“இனி என் நோயாளிகளை நேரா பார்க்கணும்னா ரோசம்மாளோ நானோ கூட இருக்கும்போதுதான்.” டாக்டரம்மா முறை நோட்டின் நகலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். கோபம் தணியவில்லை, ஆனாலும் கடைசியில் சொன்னார்: “எட்டு வருசத்துல மூணு தடவை மாத்திரை மாத்திப் பார்த்துட்டேன். இது எனக்கு முன்னாலயே கெடைச்சிருக்கணும்.”

இரவில் தண்ணீர் பாய்ச்சக் கூடாது என்று டாக்டரம்மா விஜயபாண்டிக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சொல்வது எளிது. தென்னையும் வாழையும் டாக்டரின் பேச்சைக் கேட்டா தண்ணீர் குடிக்கும்? விஜயபாண்டி முரண்டு பிடித்தார். பொம்பளை ஒருத்தியை இருட்டில் வயலுக்கு அனுப்பிவிட்டு நான் குறட்டை விடுவதா என்றார். முடிவில் முனீஸ்வரியே, கை கட்டு அவிழ்க்காமலே, ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்காளிகளைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். ரோசம்மாளும் யோகேஸ்வரியும் அன்று போயிருந்தார்கள். பேச இடமிருக்காது என்று தெரிந்தே யோகேஸ்வரி ஓரமாக நின்றாள்.

“பகல்ல எப்பக் கரண்டு வருதோ அந்த நேரத்த எங்களுக்கு விட்டுருங்க” என்றாள் முனீஸ்வரி. “மூணு மணி நேரமோ நாலு மணி நேரமோ, எம்புட்டு நிக்குதோ அம்புட்டு. ராத்திரித் தண்ணிய நீங்க எடுத்துக்கோங்க. எங்களுக்குக் கொறைஞ்சாலும் பரவால்ல.”

கண்ணுச்சாமி என்ற மூத்த பங்காளி தலையைச் சொறிந்தார். “அது எப்படிம்மா? ஒரு ஆளுக்கு மாத்துனா ஆளாளுக்குக் கேப்பான்.”

“கேக்குற ஆளுக்கு வலிப்பு இருந்தா குடுங்க.”

வெள்ளத்தாய் என்கிற பங்காளிப் பெண்தான், “பகல் கரண்டு நிக்காத அன்னைக்கு ஒங்க தண்ணிய நாங்க ராத்திரி பாத்துவிடுதோம், நீ அவன நேரத்தோட படுக்கச் சொல்லு ஏட்டி” என்று முடித்துவைத்தாள். முறை நோட்டில் புது ஒழுங்கு எழுதப்பட்டது.

கழுத்துப்பட்டை எலும்பு சேர இரண்டு மாதம் ஆனது. ஏப்ரலில் வலிப்பு இல்லை. மே மாதம் இல்லை. ஜூன் மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய் ராத்திரி முழுக்கச் சீட்டாடிவிட்டு வந்ததில் ஒன்று வந்தது. அதற்கு முனீஸ்வரி கொடுத்த திட்டு ஊருக்கே கேட்டதாம். ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் சும்மா போயின.

யோகேஸ்வரி அந்த வருடம் தீசிஸ் கொடுக்கவில்லை. மாதிரியை முதலிலிருந்து பிரித்தாள். களைப்பு எண்ணை எடுத்துவிட்டு, தூக்கம் கெட்ட இரவு என்பதை வெளியிலிருந்து வரும் ஓர் உதையாகச் சேர்த்தாள். தூங்காத மூளையில் அடக்குகிற செல்களின் கை தளர்கிறது என்பதற்கு ஆய்வகங்களில் அளந்த எண்கள் இருந்தன. அவற்றைத் திருகாமல் அப்படியே வைத்தாள். வளைகோடு முன்புபோல் அழகாக வரவில்லை. சில இடங்களில் பொருந்தியது, சில இடங்களில் இல்லை. செல்வின் சார் நின்றபடியே படித்துவிட்டு, “இப்பப் பார்க்க அசிங்கமா இருக்கு, அதனால நம்பலாம்போல” என்றார். அவர் பழையபடி பேச ஆரம்பித்தது அன்றுதான்.

கிணற்றோடு சேராத ஒன்பது தாள்கள் இருந்தன. அவற்றை அவள் தனியாக எடுத்து வைத்தாள். நன்றாகத் தூங்கிய இரவுகளுக்குப் பிறகு, காய்ச்சல் இல்லாமல், மாத்திரை விடாமல், எந்தக் காரணமும் சொல்லாமல் வந்தவை. டாக்டரம்மாவுக்கும் அவை ஏன் என்று தெரியவில்லை. ஆராய்ச்சி என்று ஏதாவது மிச்சமிருந்தால் அது அந்த ஒன்பதில்தான் இருந்தது.

அக்டோபர் நடுவில், காலேஜ் விட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது முனீஸ்வரி போன் செய்தாள்.

“இன்னைக்குக் காலையில வந்திருச்சு டீச்சர். நாலு நாளா மழை. மோட்டாரே போடல. ராத்திரி எட்டு மணிக்கே படுத்துட்டாக. பொறவு ஏன் வந்துச்சுன்னு தெரியல.”

“அடி பட்டுச்சா?”

“இல்ல, கட்டில்லயேதான். இப்பத் தெளிஞ்சுட்டாக. டாக்டரம்மாகிட்டயும் சொல்லிட்டேன், நாளைக்கு வரச் சொல்லியிருக்காக. இருங்க, இவுக ஏதோ சொல்லணுமாம்.”

போன் கைமாறியது. விஜயபாண்டியின் குரல் இன்னும் கனமாக, நாக்குத் தடித்ததுபோல் இருந்தது.

“டீச்சர், எனக்கு நேத்தே தெரியும்.”

“என்ன தெரியும்?”

“இன்னைக்கு வரப்போகுதுன்னு. எப்பவும் இல்ல, அப்பப்பத்தான் இப்படித் தெரியும். முந்தின நாளு மத்தியானத்துலருந்து காதுக்குள்ள ஒரு மாதிரி இருக்கும். பக்கத்துல பேசுறவுக குரலு தள்ளிப்போயிரும். சோறு ருசிக்காது. காரணமில்லாம இவ மேல எரிஞ்சு விழுவேன். ஒடம்பு சடவா இருக்குன்னு நெனச்சுக்கிருவேன். யாரும் கேக்கல, நானும் சொல்லல.”

ராஜபாளையம் பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்து ஏறியது. யோகேஸ்வரி பஸ்ஸை விட்டுவிட்டு, காலியாகக் கிடந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

“ரோசம்மாக்காவையும் லைன்ல சேர்த்துக்கிறேன்ண்ணே, செத்த நேரம் பொறுங்க” என்றாள். “பொறவு மொதல்லருந்து சொல்லுங்க. நேத்து மத்தியானம் எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுச்சு?”